லட்சத்தில் எத்தனை பேர்? குடல் அழற்சி நோயை ஊரளவில் எண்ணும் முறை

பஞ்சாபில் வீடு வீடாகப் போய் 51,910 பேரை விசாரித்த ஆய்வு ஒன்று 2003-இல் வெளியானது. அவர்களில் 23 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ், அதாவது பெருங்குடலின் உட்புறம் அழற்சியால் புண்ணாகும் நோய், உறுதியானது. லட்சத்துக்கு 44.3 பேர். இலங்கையில் கொழும்பு, கம்பகா மாவட்டங்களின் மருத்துவமனைகளில் பதிவான நோயாளிகளை எண்ணிய ஆய்வு 2010-இல் வந்தது. அதில் அதே நோய் 240 பேருக்கு இருந்தது. லட்சத்துக்கு 5.3 பேர். எட்டு மடங்கு வித்தியாசம். ஆனாலும் இலங்கையில் இந்த நோய் எட்டில் ஒரு பங்குதான் என்று இதிலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது. ஓர் ஆய்வில் எண்ணுபவர் நோயாளியைத் தேடிப் போனார். மற்றதில் நோயாளி மருத்துவமனை வாசலுக்கு வந்து, சரியான பெயரோடு பதிவான பிறகே கணக்கில் ஏறினார்.

இந்த வகை ஆய்வில் வரும் எண், நோயையும் காட்டும், எண்ணிய விதத்தையும் காட்டும். யார் விடுபடுகிறார்கள், யார் தவறாக உள்ளே வருகிறார்கள் என்பதை வேலை தொடங்குமுன் எழுதி வைத்துக்கொள்ளாத ஆய்வில் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. கீழே வருவதெல்லாம் அதற்கான வழிமுறைகள். சமூக மருத்துவத் துறை முதுகலை மாணவர்கள், மாவட்ட அளவில் ஆய்வு திட்டமிடும் குடல் நோய் மருத்துவர்கள், களப்பணியை நடத்துபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதப்பட்டது.

எதை எண்ணுகிறோம்

குடல் அழற்சி நோய் என்ற தலைப்பில் மூன்று அடங்கும்: அல்சரேட்டிவ் கோலைடிஸ், செரிமானப் பாதையில் எங்கும் வரக்கூடிய குரோன் நோய், இரண்டில் எது என்று பிரிக்க முடியாத வகை. குடல் எரிச்சல் நோய் எனப்படும் ஐ.பி.எஸ். இதில் சேராது. அதில் புண் இல்லை, ரத்தம் இல்லை. ஆனால் களத்தில் கேள்விக்கு 'ஆம்' சொல்பவர்களில் பெரும்பங்கு அவர்களாகத்தான் இருப்பார்கள்.

சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு நாளில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்பதைப் 'பரவல் வீதம்' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. கிராமத்தில் போய் 'உங்கள் ஊரில் இந்த நோய் பரவலை ஆராய வந்திருக்கிறோம்' என்றால் தொற்றுநோய் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோய் அல்ல. எனவே இங்கே 'இருப்பு வீதம்' என்றும், ஓராண்டில் புதிதாக வருவதை 'புது நோயாளி வீதம்' என்றும் சொல்கிறோம். ஒப்புதல் படிவத்திலும் 'பரவல்' வேண்டாம்.

அடுத்து, ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள். ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதி ஆய்வு 31 ஆகஸ்ட் 2018 என்ற ஒரே நாளுக்குக் கணக்குச் சொன்னது. அந்த நாளில் உயிரோடு இருந்து, அந்தப் பகுதியில் வசித்தவர் மட்டுமே கணக்கு. களப்பணி நான்கு மாதம் நடந்தாலும் உங்கள் கணக்கு அந்த ஒரு நாளுக்கானது. வசிப்பவர் என்றால் யார் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். குறித்த நாளுக்கு முன் ஆறு மாதமாவது அங்கே தங்கியவர் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். விடுதி மாணவர்கள், திருப்பூர் போன்ற ஊர்களின் இடம்பெயர்ந்த தொழிலாளர்கள் ஆகியோர் எந்த ஊர்க் கணக்கு என்பதைக் களத்தில் வைத்து முடிவெடுத்தால் ஒவ்வொரு பணியாளரும் ஒவ்வொரு விதமாகச் செய்வார்.

இன்றைக்கு ரத்தம் போகாமல், மாத்திரையால் அடங்கி இருப்பவரும் நோயாளிதான். இது வாழ்நாள் நோய், அடங்கும், திரும்பும். பெருங்குடலை முழுவதும் அகற்றியவரைச் சேர்ப்பதா என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு. சேர்த்து எண்ணி, எத்தனை பேர் அப்படி என்று தனியாகச் சொல்லிவிடுவது நல்லது.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்

பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. சர்க்கரை நோய்க்கு 2,000 பேர் போதும் என்று பழகிய கை, இதற்கும் அதையே போட்டுவிடுகிறது. லட்சத்துக்கு 44 என்றால் 2,000 பேரில் ஒருவர்கூட இல்லாமல் போகலாம்.

கணக்கு இது: தேவைப்படும் எண்ணிக்கை = 3.84 × ப × (1 − ப) ÷ இ². ப என்பது எதிர்பார்க்கும் வீதம், இ என்பது இருபுறமும் நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை. ப 0.00044, பிழை அதில் பாதி, அதாவது 0.00022 என்று வைத்தால் சுமார் 35,000 பேர் வேண்டும். ஒரே தெருவில் கூட்டமாக வீடுகளைத் தேர்வு செய்வதால் இதை 1.5-ஆல் பெருக்க வேண்டும்: 52,000-க்குச் சற்று மேல். பத்தில் ஒருவர் சந்திக்கக் கிடைக்க மாட்டார் என்றால் 58,000. இவ்வளவு உழைத்தும் பிழை பாதிக்குப் பாதி. பிழையை ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்க நினைத்தால், தெருக் கூட்டத்தையும் வராதவர்களையும் சேர்க்காமலேயே, 2,18,000 பேர் வேண்டும்.

பஞ்சாபின் 23 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அரிதாக நிகழ்பவற்றுக்கான பாய்சான் முறையில், உண்மை வீதம் எதற்குள் இருக்கலாம் என்று 95 சதவீத எல்லை போட்டால் லட்சத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 66 வரை போகும். ஐம்பதாயிரம் பேரைப் பார்த்த பிறகும் இவ்வளவு அகலம். எனவே மூன்று லட்ச ரூபாய் நிதியில் வீட்டுவாரி ஆய்வு தொடங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு மருத்துவமனை வழியை ஒழுங்காகச் செய்தால் பயன் அதிகம்.

இன்னொன்று: 10,000 பேரைப் பார்த்து ஒரு குரோன் நோயாளியும் கிடைக்கவில்லை என்றால் 'இந்த ஊரில் குரோன் இல்லை' என்று எழுதாதீர்கள். 3 என்ற எண்ணை, பார்த்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் மேல் எல்லை கிடைக்கும். இங்கே அது லட்சத்துக்கு 30 வரை இருக்கலாம் என்றுதான் பொருள்.

வாசலில் கேட்கும் கேள்வி

'குடல் புண் இருக்கிறதா?' என்று கேட்டால் ஆய்வு முதல் நாளே கெட்டது. தமிழ்நாட்டில் குடல் புண் என்றால் அல்சர், அதாவது நேரத்துக்குச் சாப்பிடாததால் வரும் இரைப்பை எரிச்சல். தெருவுக்குப் பத்துப் பேர் கை தூக்குவார்கள். மறுபக்கம், உண்மையிலேயே கோலைடிஸ் இருப்பவர் அதைக் குடல் புண் என்று சொல்ல மாட்டார். மூலம் என்பார், உடல் சூடு என்பார், சீதபேதி என்பார். ஊர்ச் சுவர்களில் எழுதியிருக்கும் மூலம், பவுத்திரம் சிகிச்சை நிலையங்களில் வருடக்கணக்கில் களிம்பு வாங்கித் தடவியவர்களில் சிலர் நாம் தேடும் ஆட்கள்தான். குரோன் நோயில் ஆசனவாய் ஓரம் வரும் பவுத்திரம் திரும்பத் திரும்ப அறுக்கப்பட்டு, குடலை யாரும் பார்க்காமலே போவதும் உண்டு.

எனவே நோயின் பெயரைக் கேட்காமல் நடப்பதைக் கேளுங்கள். 'வெளிக்குப் போகும்போது ரத்தமோ சீதமோ வந்திருக்கிறதா? ஒரு மாதத்துக்கு மேல் நீடித்ததா, அல்லது நின்று நின்று திரும்ப வந்ததா?' 'நான்கு வாரத்துக்கு மேல் தொடர்ந்து நாளைக்கு மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போனதா? ராத்திரி தூக்கத்தில் எழுந்து ஓட வேண்டி வந்ததா?' இந்த இரவுக் கேள்வி முக்கியம். ஐ.பி.எஸ். உள்ளவர் பெரும்பாலும் இரவில் எழுவதில்லை. 'வயிற்று வலியோடு எடை குறைந்ததா?' 'ஆசனவாய் பக்கத்தில் சீழ் வடிந்து ஆபரேஷன் நடந்ததா? எத்தனை முறை?' 'குடலில் எப்போதாவது அறுவை சிகிச்சை?' யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கேட்பதாக இருந்தால் 'வயித்தால போறது' என்ற வழக்கு உடனே புரியும். அங்கே கேள்வித்தாளை உள்ளூர்ப் பேச்சில் மாற்றி எழுதுங்கள். சென்னையில் அச்சடித்ததை அப்படியே கொண்டுபோக வேண்டாம்.

நோய் அடங்கி இருப்பவரை இந்தக் கேள்விகள் எதுவும் பிடிக்காது. அவருக்காக இன்னும் இரண்டு: 'ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்களா?' 'வருடக்கணக்கில் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அட்டையைக் காட்ட முடியுமா?' இந்த நோய்க்குத் தரும் மெசலமைன், சல்ஃபசலசைன், அசதையோப்ரின் அட்டைகளின் படம் பணியாளர் கையில் இருக்கட்டும். அட்டை கிடைத்ததும் நோய் உறுதி என்று நினைத்துவிடக் கூடாது. சல்ஃபசலசைன் மூட்டுவாதத்துக்கும் தருகிறார்கள், அசதையோப்ரின் சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவருக்கும் தருகிறார்கள்.

யார் பதில் சொல்கிறார் என்பது கேள்வியைவிடப் பெரிய விஷயம். பகல் பதினொரு மணிக்குப் போனால் வீட்டில் இருப்பவர் வயதான ஒரு பெண்மணி. குடும்பத்தில் ஆறு பேருக்கும் அவரே பதில் சொல்வார். மகனுக்கு மலத்தில் ரத்தம் போவது அவருக்குத் தெரிந்திருக்காது. மருமகள் அவர் முன்னால் வாய் திறக்க மாட்டார். இந்த நோய் பெரும்பாலும் தொடங்குவது 15 முதல் 35 வயதுக்குள். பகலில் வீட்டில் இல்லாதவர்களும், இருந்தும் பேசாதவர்களும் அதே வயதுக்காரர்கள்தான். ஆகவே ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். பெண்களிடம் பெண் பணியாளர் கேட்கட்டும். ஒரே வீட்டுக்கு மூன்று முறை, மூன்று வேளையில் போங்கள், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை. கிடைக்காதவர்களின் வயதையும் பாலினத்தையும் மற்றவர்களிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். விடுபட்டவர்கள் யார் என்று பிறகு சொல்ல அது ஒன்றுதான் ஆதாரம்.

களத்துக்குப் போகுமுன் கேள்வித்தாளையே சோதியுங்கள். உறுதியான நோயாளிகள் 50 பேர், மூலமோ ஐ.பி.எஸ்.ஸோ உள்ளவர் 50 பேர் என்று ஒரு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். அந்த நோயாளிகளில் பாதிப் பேராவது நோய் அடங்கிய நிலையில் இருக்க வேண்டும். படுக்கையில் இருக்கும் கடும் நோயாளிகளிடம் மட்டும் கேட்டால் எந்தக் கேள்வித்தாளும் தேறிவிடும். 50-இல் 45 பேரைக்கூடப் பிடிக்கவில்லை என்றால் திருத்தி எழுதுங்கள்.

ஆம் என்றவர்களில் இருந்து நோயாளிக்கு

52,000 பேரில் நூற்றுக்கு இரண்டு பேர் 'ஆம்' என்றாலே 1,040 பேர். அவர்களில் நோய் இருப்பது இருபதோ முப்பதோ பேருக்கு. எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி, அதாவது குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, செய்ய முடியாது, செய்யவும் கூடாது. படிப்படியாகச் சல்லடை போட வேண்டும்.

முதல் படி மருத்துவர் நேரில் பார்ப்பது. ஆசனவாய்ப் பரிசோதனை, அமீபாவுக்கும் கிருமிகளுக்கும் மலப் பரிசோதனை, ரத்த அளவு. மூலம் கண்ணுக்குத் தெரிந்தது என்பதற்காக ஒருவரை அங்கேயே விட்டுவிடாதீர்கள். மூலமும் கோலைடிஸும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். அமீபாவுக்கு மருந்து கொடுத்து நின்றுவிட்டால் நான்கு வாரம் கழித்துத் திரும்பக் கேளுங்கள்.

இரண்டாவது படி, குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதம் மலத்தில் எவ்வளவு என்று பார்ப்பது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 150-க்கு மேல் என்றால் கொலோனோஸ்கோபி. இடைப்பட்டவர்களுக்கு நான்கு வாரம் கழித்து மறுபடி. நம் ஊரில் இந்தச் சோதனை ஏமாற்றும் இடங்கள் இரண்டு: சமீபத்திய வயிற்றுத் தொற்று, மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரை. இரண்டுமே அளவைக் கூட்டிவிடும். மாத்திரையை நிறுத்திச் சில வாரம் கழித்தே மாதிரி எடுங்கள். மாதிரி அறை வெப்பத்தில் மூன்று நாள் தாங்கும் என்று சொல்லப்படுவது குளிர் நாட்டு அறைக்கு. மே மாத வேலூரில் பைக் டப்பாவில் இருக்கும் மாதிரிக்கு அந்த நம்பிக்கை வைக்காமல் அன்றே குளிர்பெட்டியில் போடுங்கள். மாதக்கணக்கில் ரத்தம் தொடரும் ஒருவருக்கு இந்த எண் எதுவாக இருந்தாலும் குடலைப் பார்த்தே ஆக வேண்டும்.

கொலோனோஸ்கோபியில் சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை போக வேண்டும். அதிலிருந்தும் மலக்குடலிலிருந்தும் உட்பட ஐந்து இடங்களிலாவது, இடத்துக்கு இரண்டு துண்டு பயாப்ஸி. புண் உள்ள இடத்தில் மட்டும் எடுக்காமல், நன்றாகத் தெரியும் இடத்திலும் எடுக்க வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் புட்டி. எல்லாத் துண்டுகளையும் ஒரே ஃபார்மலின் புட்டியில் போட்டு அனுப்பினால், அழற்சி தொடர்ச்சியாக இருந்ததா, விட்டு விட்டு இருந்ததா என்ற தகவலே அழிந்துவிடும். கோலைடிஸையும் குரோனையும் பிரிக்கும் பெரிய ஆதாரம் அது.

ஒருவர் கொலோனோஸ்கோபிக்கு மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். மறுத்தவர் எத்தனை பேர் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். பழைய அறிக்கை வைத்திருந்தால் அதை வாங்கிப் பாருங்கள். அரசு மருத்துவமனை, தனியார் எதுவானாலும் பயாப்ஸி அறிக்கை வீட்டில் பீரோவில் பத்திரமாக இருப்பது வழக்கம். அதைப் படம் எடுக்கப் பணியாளருக்குச் சொல்லி வையுங்கள்.

காசநோய்: இங்கே அவசரம் கூடாது

இந்தியாவில் குரோன் நோயை எண்ணுவதன் மொத்தச் சிரமமும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. குடல் காசநோயும் குரோனும் சிறுகுடல் பெருங்குடல் சேரும் இடத்தைத்தான் பிடிக்கின்றன. இரண்டிலும் வயிற்று வலி, காய்ச்சல், எடை குறைவு, அடைப்பு. பயாப்ஸியில் இரண்டிலும் கிரானுலோமா எனப்படும் அழற்சிச் செல்களின் திரள். குறுக்கே ஓடும் புண், இரு குடலும் சேரும் இடத்தில் அகலத் திறந்து கிடக்கும் வால்வு என்றால் காசநோய்ப் பக்கம் சாயலாம். நீளவாட்டப் புண், உருளைக்கல் பதித்த தரை போன்ற தோற்றம், மலக்குடல் பாதிப்பு, ஆசனவாய்ப் பவுத்திரம் என்றால் குரோன் பக்கம். நடுவில் அழுகல் திரண்ட பெரிய கிரானுலோமா இருந்தால் காசநோய். ஆனால் பல நோயாளிகளிடம் இவற்றில் எதுவும் தெளிவாக இருக்காது.

பயாப்ஸித் துண்டை, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனைக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்புங்கள். ஃபார்மலினில் போட்ட துண்டு கல்ச்சருக்கு உதவாது, அதற்கு உப்புநீரில் தனித் துண்டு. கிருமி கிடைத்தால் முடிவு தெளிவு. கிடைக்கவில்லை என்பது காசநோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது, குடல் புண்ணில் கிருமிகள் மிகக் குறைவாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குச் சிகிச்சை மருத்துவர் காசநோய் மருந்து தொடங்கினால், இரண்டாம் மாதத்திலும் மருந்து முடிந்ததும் குடலைத் திரும்பப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். புண் ஆறியிருந்தால் காசநோய். வலி குறைந்ததை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், குரோன் நோயாளிக்கும் அந்த மருந்தில் கொஞ்ச நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றும். அதுவரை அவர் பட்டியலில் 'சாத்தியம்' என்ற வரிசையில் இருக்கட்டும். ஆய்வு அட்டவணையில் இதற்கென்றே ஒன்பது மாதம் ஒதுக்கவில்லை என்றால், உங்கள் குரோன் எண்ணிக்கை யாரோ ஒருவரின் ஊகம்.

எல்லா நோயாளிகளையும் 'உறுதி', 'சாத்தியம்', 'நீக்கம்' என்று மூன்றாகப் பிரியுங்கள். இரண்டு குடல் நோய் மருத்துவர்கள் ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல் கோப்பைப் பார்க்கட்டும். மாறுபட்டால் மூன்றாமவர். உறுதியை மட்டும் வைத்து ஒரு வீதம், சாத்தியத்தையும் சேர்த்து ஒரு வீதம் என்று இரண்டையும் வெளியிடுங்கள். நோயின் இடமும் தன்மையும் 2005-ஆம் ஆண்டு மான்ட்ரியல் வகைப்பாட்டின்படி இருந்தால் மற்ற நாடுகளோடு ஒப்பிடலாம்.

மருத்துவமனை வழி

வீட்டுவாரி முடியாத இடத்தில், மாவட்டத்தில் இந்த நோயாளி தொடக்கூடிய எல்லாக் கதவுகளையும் பட்டியலிடுங்கள்: கொலோனோஸ்கோபி செய்யும் இடங்கள், நோய்க்கூறியல் ஆய்வகங்கள், அறுவை சிகிச்சைப் பிரிவு, குழந்தைகள் பிரிவு, மெசலமைன் விற்கும் மருந்துக் கடைகள், மூலம் பவுத்திரம் நிலையங்கள், சித்த மருத்துவர்கள். ஆய்வகப் பதிவேடு மிகவும் நம்பகமானது. அதில் நோயின் பெயரை மட்டும் தேடாமல், 'நாள்பட்ட அழற்சி' என்று எழுதிய அறிக்கைகளையும் எடுங்கள்.

முகவரியைச் சரிபார்ப்பது சலிப்பான வேலை, ஆனால் விட்டால் எல்லாம் வீண். வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர்களை வேலூர் மாவட்டக் கணக்கில் போட்டால் நோய் வீங்கித் தெரியும். நேர்மாறாக, ராமநாதபுரத்துக்காரர் மதுரைக்குப் போயிருப்பார். மாவட்டத்துக்குள் மட்டும் தேடினால் அவர் கிடைக்கவே மாட்டார்.

பிறகு ஒரே ஆளை இரண்டு முறை எண்ணாமல் இருக்க வேண்டும். நம் பெயர்களில் இது எளிதல்ல. 'எஸ். முருகன்', 'முருகன் எஸ்.', 'முருகன் சுப்பிரமணியன்' மூவரும் ஒருவரே. திருமணத்துக்குப் பின் பெண்ணின் முன்னெழுத்து தந்தையிலிருந்து கணவருக்கு மாறும். லட்சுமி ஓரிடத்தில் லெட்சுமி. வயது 38 என்றவர் அடுத்த இடத்தில் 40. கைபேசி எண் மகனுடையது. ஆகவே பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஊர், பிறந்த ஆண்டில் இரண்டு கூட குறைய, எண்ணின் கடைசி நான்கு இலக்கம் ஆகிய ஐந்தில் மூன்று பொருந்தினால் ஒருவர் நேரில் பார்த்து முடிவெடுக்கட்டும். இலங்கையில் அடையாள அட்டை எண் உதவும், ஆனால் பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கமும் இருப்பதால் ஒரே வடிவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

இரண்டு பட்டியல்கள் தனித்தனியே கிடைத்தால், இரண்டிலும் சிக்காதவர் எத்தனை பேர் என்று கணிக்கலாம். மருத்துவமனைப் பட்டியலில் 120, மருந்துக் கடைப் பட்டியலில் 90, இரண்டிலும் உள்ளவர் 60 என்று வைப்போம். நேரில் கண்டது 150 பேர். கணக்கு: (121 × 91 ÷ 61) − 1, சுமார் 180. அதாவது முப்பது பேர் நம் கண்ணில் படவில்லை. லோதியன் ஆய்வு இதே வழியில் லட்சத்துக்கு 784 என்று கண்டதை, விடுபட்ட 427 பேரைக் கணித்துச் சேர்த்து 832 ஆக்கியது. இந்தக் கணக்கு சரிவர, ஒரு பட்டியலில் இருப்பது மற்றதில் இருப்பதற்குக் காரணமாகக் கூடாது. ஒரே மருத்துவமனையின் கொலோனோஸ்கோபிப் பட்டியலையும் அதன் ஆய்வகப் பட்டியலையும் வைத்துச் செய்தால் இரண்டிலும் அதே ஆட்கள் இருப்பார்கள், விடுபட்டவர் யாருமே இல்லாதது போல விடை வரும்.

கணினிப் பதிவில் குறியீட்டைத் தேடுவது

காப்பீட்டுத் தரவு கிடைத்தவுடன், குரோனுக்கும் கோலைடிஸுக்கும் உரிய கே50, கே51 என்ற சர்வதேச நோய்க் குறியீடுகளைத் தேடி எண்ணிவிடலாம் என்று தோன்றும். அரிய நோயில் இது பெரும் பொறி. லட்சம் பேரில் 50 பேருக்கு நோய் என்று கொள்வோம். குறியீடு நோயாளிகளில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, நோயில்லாதவரில் 99.5 சதவீதத்தைச் சரியாக விலக்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. உண்மை நோயாளிகள் 45 பேர், தவறாக ஏறியவர்கள் 500 பேர். பட்டியலில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர்தான் உண்மை. பதிவேடுகள் சிறந்த லோதியனிலேயே சந்தேகப் பதிவுகள் 24,601 எடுத்துக் கோப்பைப் பார்த்தபோது உண்மையானவை 10,499 மட்டுமே.

கனடாவின் மானிடோபாவில் இதற்கு ஒரு விதி வகுத்தார்கள்: இரண்டாண்டுக்கு மேல் அங்கே வசிப்பவருக்குக் குறைந்தது ஐந்து முறை இந்தக் குறியீட்டோடு மருத்துவத் தொடர்பு இருக்க வேண்டும், அதற்குக் குறைவாக வசித்தவருக்கு மூன்று முறை. அந்த விதியை அப்படியே இங்கே எடுக்காதீர்கள். அங்கே ஒரே பொதுக் காப்பீடு எல்லா வருகையையும் பதிகிறது. இங்கே புறநோயாளி வருகை பெரும்பாலும் காப்பீட்டில் ஏறுவதேயில்லை. 200 கோப்புகளையாவது எடுத்துச் சரிபார்த்து, உங்கள் தரவுக்கு எத்தனை தொடர்பு என்று நீங்களே கண்டறியுங்கள்.

வகுக்கும் எண்

வீதத்தில் மேலே உள்ள நோயாளி எண்ணிக்கைக்குப் பட்ட பாட்டில் பாதியாவது கீழே உள்ள மக்கள்தொகைக்கும் படவேண்டும். தமிழ்நாட்டின் 2011 கணக்கெடுப்பு மக்கள்தொகை 7,21,47,030. பல ஆண்டுகள் கழித்து நோயாளிகளை எண்ணி இந்தப் பழைய எண்ணால் வகுத்தால், மக்கள் பெருகிய ஊர்களில் நோயும் பெருகியதாகக் காட்டும். குறித்த நாளுக்கான மதிப்பீட்டு மக்கள்தொகையை வயது, பாலினம் பிரித்து எடுங்கள். வீட்டுவாரி ஆய்வில் நீங்களே எடுத்த குடும்பப் பட்டியல்தான் வகுக்கும் எண். பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் தர மக்கள்தொகைக்கு வயதைச் சரிசெய்யுங்கள். இளையோர் நிறைந்த மாவட்டத்தையும் முதியோர் நிறைந்த மாவட்டத்தையும் சரிசெய்யாமல் ஒப்பிட்டால் காணும் வித்தியாசம் வயதின் வித்தியாசம். சரிசெய்யாத வீதத்தையும் கூடவே கொடுங்கள். மாவட்ட நிர்வாகத்துக்கு எத்தனை பேருக்கு மருந்து வேண்டும் என்று சொல்வது அதுதான்.

ஓராண்டு கழித்து அதே வாசலுக்கு

முதல் முறை போகும்போதே திரும்ப வரலாமா என்று ஒப்புதல் வாங்கி, வீட்டைக் கண்டுபிடிக்கும் வரைபடத்தைத் தனிப் பெட்டியில் பூட்டி வையுங்கள். பெயர்ப் பட்டியலும் நோய்த் தகவலும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது. கண்டறிந்த நோயாளிகளை எந்த மருத்துவமனையில் சேர்ப்பது, மெசலமைன் யார் தருவது என்பதைக் களப்பணிக்கு முன்பே எழுத்தில் முடித்திருக்க வேண்டும். கோலைடிஸ் என்று சொல்லிவிட்டு மருந்துக்கு வழி காட்டாமல் வந்தால், அடுத்த ஆண்டு அந்தத் தெருவே கதவைத் திறக்காது. திறக்காததில் நியாயமும் உண்டு.

பஞ்சாபில் ஓராண்டு கழித்து அதே பகுதிகளுக்குத் திரும்பப் போனபோது புதிதாக மூன்று பேர் கிடைத்தனர். புது நோயாளி வீதம் லட்சத்துக்கு 6.02. மூன்று பேரை வைத்துப் போட்ட எல்லை 1.2 முதல் 17.6 வரை அகன்று கிடக்கிறது, அதை மறக்கக் கூடாது. ஆனால் நிலையான ஊரில் இருப்பு வீதம் என்பது புது நோயாளி வீதத்தை நோய் நீடிக்கும் ஆண்டுகளால் பெருக்கியது. 44-ஐ 6-ஆல் வகுத்தால் ஏழு ஆண்டு வருகிறது. இருபத்தைந்து வயதில் தொடங்கும் கோலைடிஸ் ஏழு ஆண்டில் முடிவதில்லை, முப்பது நாற்பது ஆண்டு கூடவே வரும். அப்படியானால் இரண்டில் ஒன்று: பழைய நோயாளிகள் பலர் முதல் சுற்றில் விடுபட்டார்கள், அல்லது நோய் அண்மையில்தான் கூடத் தொடங்கியது, எண்ணிக்கை இன்னும் ஏறும். எது என்று சொல்ல, இரண்டாம் சுற்றில் கிடைக்கும் ஒவ்வொருவரிடமும் முதல் அறிகுறி எந்த மாதம் என்று கேட்டுக் குறிக்க வேண்டும். தேதி நினைவில் இருக்காது. பொங்கலுக்கு முன்பா பின்பா, மகளுக்குக் காதுகுத்தியபோது இருந்ததா என்று கேளுங்கள். முதல் வருகைக்கு முன்பே ரத்தம் போயிருந்தால் அவர் புது நோயாளி அல்ல, நாம் விட்டுவிட்ட பழைய நோயாளி. அவரை முதல் சுற்றின் கணக்கில் சேர்த்து, எந்தக் கேள்வியில் நழுவினார் என்று அவருடைய பழைய படிவத்தை எடுத்துப் பாருங்கள்.